வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லையே, பிறகு எப்படி?

சின்னப் பிள்ளைகள் பாகுபாடு காட்டுவதைப் பற்றிப் போன இதழில் ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் நிறைய, சில பக்கக்கணக்கில் நீளமானவை. அதனால் இந்த முறை முழுக்க இந்த ஒரு விஷயம்தான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் பீகாரிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கிறார். அவர் பையனுக்கும் இவள் வயதுதான். போன வாரம் அவன் சறுக்குமரத்தில் ஏற வந்தபோது இவள் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு "நீ வராத, நீ இந்திக்காரன்" என்றாள். எனக்கு உடம்பே கூசிவிட்டது. நானோ என் கணவரோ வீட்டில் யாரையும் அப்படிப் பேசியதே கிடையாது. இது எங்கிருந்து வந்தது?
– ஒரு தாய், திருப்பூர்

பதில்: நீங்கள் அப்படிப் பேசவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் இந்த வயதுப் பிள்ளை நம் பேச்சிலிருந்து மட்டும் கற்றுக்கொள்வதில்லை, நம் முகத்தையும் நடத்தையையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நாலு வயதை ஒட்டி அதன் மனசில் ஒரு பெரிய மாற்றம் நடக்கிறது. 1983-ல் ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டிக் கதையை வைத்து இதைச் சோதித்தார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஒரு அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரம் பார்த்து அம்மா அதை எடுத்து வேறு அலமாரியில் வைத்துவிடுகிறார். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைத்தான் காட்டும், தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிற வயது அது. நாலு, ஐந்து வயதில்தான் "அவன் முதல்ல வச்ச எடத்துலதான் தேடுவான்" என்று சொல்லத் தொடங்குகிறது. இன்னொருவர் மனசில் ஓடுவது வேறு என்று புரிந்துகொண்ட பிள்ளை, பெரியவர்கள் மனசில் யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்று ஆராயவும் ஆரம்பித்துவிடும். உங்கள் மகள் இப்போது சரியாக அந்த இடத்தில் நிற்கிறாள்.

அதற்கு வார்த்தையே தேவையில்லை. அலிசன் ஸ்கின்னர் என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் நாலு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு வீடியோ காட்டினார்கள். அதில் ஒரு பெண்ணிடம் சிரித்த முகமாக, முன்னால் சாய்ந்து, கனிவாகப் பேசுகிறார்கள். இன்னொரு பெண்ணிடம் அதே வார்த்தைகளை முகத்தைச் சுளித்துக்கொண்டு, கொஞ்சம் விலகி, வெடுக்கென்று சொல்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். பார்த்த குழந்தைகளில் பெரும்பாலோர், முதல் பெண்ணைத்தான் பிடித்திருக்கிறது என்றார்கள். அந்த விருப்பும் வெறுப்பும் அந்தப் பெண்களின் தோழிகள் மேலும் போய் ஒட்டிக்கொண்டதை அடுத்த சோதனையில் பார்த்தார்கள். யாரும் யாரைப் பற்றியும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி உங்கள் அபார்ட்மெண்டை நாலரை வயதின் உயரத்திலிருந்து பாருங்கள். லிஃப்டில் வருகிற எல்லோரும் அங்கிள், ஆன்ட்டி. கேட்டில் நிற்பவர் மட்டும், அவருக்கு என்ன வயதானாலும் சரி, "வாட்ச்மேன்!" ஏழு வயதுப் பையன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறான், யாரும் திருத்துவதில்லை. பிறந்தநாளுக்கு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் மேலே வருகிறார்கள், கேக் வெட்டியதும் ஒரு பேப்பர் தட்டில் ஒரு துண்டும் கொஞ்சம் மிக்சரும் கீழே போகிறது. அந்தப் பையன் மேலே வந்ததே இல்லை. ஏன் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அதனால் அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். அவன் பேசுவது வேறாக இருக்கிறது, அதுதான் போல என்று. குழந்தை வேறு என்ன முடிவுக்கு வர முடியும், சொல்லுங்கள்?

அவளைத் திட்டாதீர்கள். "அப்படிச் சொல்லக் கூடாது" என்றால், உங்கள் முன்னால் சொல்லக் கூடாது என்று மட்டும் கற்றுக்கொள்வாள். "அவன் ஏறினா என்ன ஆகும்னு நெனச்ச?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அப்புறம் முக்கியமான வேலை உங்களுடையது. அந்தப் பையனின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? உங்கள் கடிதத்தில் இல்லை. கீழே போய் அவன் அம்மாவிடம் தெரிந்த மொழியில் நாலு வார்த்தை பேசுங்கள், மகள் பக்கத்தில் இருக்கட்டும். அடுத்த பிறந்தநாளுக்கு அவனை மேலே கூப்பிடுங்கள்.

கேள்வி: பிஞ்சுகளுக்கு சாதி, மதம், நிறம் எதுவும் தெரியாது. இதையெல்லாம் அவர்களிடம் பேசுவதே நாமாக எடுத்துக் கொடுப்பது போல் ஆகாதா? பேசாமல் விட்டால் தானாக ஒழிந்துவிடும் என்பது என் கருத்து.
– ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: ஐயா, உங்கள் நல்லெண்ணம் புரிகிறது, ஆனால் இதில் நான் உங்களோடு முழுக்க மாறுபடுகிறேன். வித்தியாசம் குழந்தைக்கு மிகச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. பிறந்த சில நாளில் எல்லா இனத்தவர் முகமும் அதற்கு ஒன்றுதான். மூன்று மாதத்தில், தன்னைச் சுற்றி அதிகம் பார்க்கிற இனத்து முகத்தையே கூடுதல் நேரம் பார்க்கிறது. இது 2005-ல் வெள்ளையினக் கைக்குழந்தைகளிடம் பார்த்தது. அடுத்த ஆண்டு வந்த இன்னோர் ஆய்வுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. எத்தியோப்பியாவில் இருந்த குழந்தைகள் கறுப்பு முகத்தையும், இஸ்ரேலில் இருந்த வெள்ளைக் குழந்தைகள் வெள்ளை முகத்தையும் அதிகம் பார்த்தன. எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து, இரண்டு வகை முகங்களுக்கு நடுவில் வளர்ந்த குழந்தைகளோ இரண்டையும் ஒரே மாதிரி பார்த்தன. அவை எல்லாமே வெறும் மூன்று மாதக் குழந்தைகள்.

இதை வெறுப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பழக்கம்தான். ஆனால் வித்தியாசத்தைப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு அதன் அர்த்தம் வேண்டும், நாம் சொல்லாவிட்டால் அது எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ளும். 2012-ல் அமெரிக்காவில் நாலைந்து வயதுப் பிள்ளைகளின் வெள்ளையினத் தாய்மார்களைக் கவனித்தார்கள். பிள்ளைகளுக்கு இனம் சம்பந்தப்பட்ட கதைப் புத்தகம் படித்துக் காட்டும்போதுகூடப் பெரும்பாலோர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பேசாமல் இருந்தால் நல்லது என்று நீங்கள் நினைப்பதைப் போலத்தான் அவர்களும் நினைத்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் எண்ணங்களுக்கும் தாய்மார்களின் எண்ணங்களுக்கும் தொடர்பே இல்லாமல் போயிருந்தது. அம்மா என்ன நினைக்கிறாள் என்பதையும் பிள்ளைகளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வேறு இனத்து நண்பர்கள் அதிகம் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் மட்டும் பாகுபாடு குறைவாக இருந்தது. ஆகவே, பேரனிடம் பேசுங்கள் ஐயா, உங்கள் திண்ணையில் யார் யார் வந்து உட்காருகிறார்கள் என்பதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: என் ஆறு வயது மகள் கருப்பு. நானும்தான். பள்ளியிலிருந்து வந்து, "அப்பா, நான் வெள்ளையா ஆக என்ன போடணும்?" என்று கேட்கிறாள். படம் வரைந்தால் தன்னை மட்டும் கலர் அடிக்காமல் வெறுமனே விட்டுவிடுகிறாள். நெஞ்சு அடைக்கிறது.
– ஒரு தந்தை, மதுரை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஞாபகம் வந்தது அமெரிக்காவின் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் தம்பதி செய்த பொம்மைச் சோதனை. அவர்கள் 1940-களில் மூன்று முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகள் 253 பேரிடம், நிறத்தைத் தவிர எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான பொம்மைகளைக் கொடுத்து எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பான்மைக் குழந்தைகளுக்கு வெள்ளைப் பொம்மைதான் நல்ல பொம்மை. கடைசியில் "இதில் உன்னைப் போல இருப்பது எது?" என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுவிட்டார்கள். பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்து வைப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் எழுத்தும் அதில் மேற்கோளாக இடம்பெற்றது.

நம் நாட்டிலும் நிலைமை வேறில்லை. யேரோ டன்ஹாம், மகேஷ் சீனிவாசன் முதலான உளவியலாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தியக் குழந்தைகளிடம் சாதி, மதம் இரண்டையும் பற்றிய உள்மன விருப்பத்தைப் பார்த்தார்கள். மதத்தில், சிறுபான்மையான முஸ்லிம் குழந்தைகளும் இந்துக் குழந்தைகளும் அவரவர் கூட்டத்தையே விரும்பினார்கள். சாதி என்று வந்தபோது மட்டும் தாழ்த்தப்பட்ட நிலையில் வைக்கப்பட்ட குழந்தைகளும் உயர்சாதியையே விரும்பினார்கள். நம் ஊரில் நிறமும் அப்படி உள்ளே இறங்கிவிட்ட ஒன்று. பிள்ளை பிறந்ததும் "கலரா இருக்கா?" என்று கேட்கிறோம், வயிற்றில் இருக்கும்போதே குங்குமப்பூ வாங்கி வருகிறோம். ஒரு பிரபல க்ரீம் 2020-ல் பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்துக்கொண்டது, விற்பனை நிற்கவில்லை. ஆண்டு விழா நடனத்தில் முன்வரிசையில் யாரை நிறுத்துகிறார்கள் என்று ஒருமுறை கவனியுங்கள். உங்கள் மகள் அதையெல்லாம் ஏற்கெனவே கவனித்திருக்கிறாள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "நீ எங்கம்மா கருப்பு? மாநிறம்தானே" என்று சமாதானம் சொல்லாதீர்கள், கருப்பு மோசம்தான் என்று ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும். "ஆமாம், நீ கருப்பு, அப்பா மாதிரி, அப்பத்தா மாதிரி" என்று நேராகச் சொல்லுங்கள். யார் என்ன சொன்னார்கள் என்று பொறுமையாகக் கேட்டு, சொன்னது தப்பு என்று அவள் பக்கம் நில்லுங்கள். பள்ளியில் நடந்திருந்தால் ஆசிரியரிடம் போய்ப் பேசத் தயங்காதீர்கள், அதையும் அவள் பார்க்கட்டும். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் "வெயில்ல போகாத, கருத்துடுவ" என்று ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே, அவள் காதுபட நிறுத்துங்கள். உறவில் சங்கடம் வரும், வரட்டும்.

கேள்வி: ஏழு வயது மகன் "பொண்ணுங்களுக்குக் கணக்கு வராது" என்கிறான். அவன் அம்மா வங்கியில் வேலை பார்க்கிறாள்!
– ஒரு தந்தை, சேலம்

பதில்: கண்ணெதிரே இருக்கும் ஓர் அம்மாவைவிட, காதில் விழுந்த "பொண்ணுங்களுக்கு" என்ற பன்மைக்குப் பலம் அதிகம். மார்ஜரி ரோட்ஸ் குழுவினர் 2012-ல் நாலு வயதுக் குழந்தைகளுக்கு 'ஸார்ப்பி' என்ற கற்பனைக் கூட்டத்தைப் பற்றிப் படப் புத்தகம் படித்துக் காட்டினார்கள். சிலருக்கு "ஸார்ப்பிகளுக்குப் பொறிவண்டு என்றால் பயம்" என்றும் சிலருக்கு "இந்த ஸார்ப்பிக்குப் பொறிவண்டு என்றால் பயம்" என்றும் வாசித்தார்கள். முதல் வகையைக் கேட்ட பிள்ளைகள், அந்தக் குணம் பிறவியிலேயே வருவது, ஸார்ப்பியாகப் பிறந்த எல்லோரும் அப்படித்தான் என்று நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். "ஆம்பளப் பசங்கன்னாலே அப்படித்தான்", "அந்த ஊர்க்காரங்களே இப்படித்தான்" என்று நாம் பேசுகிற அத்தனையும் இந்த வகை. "பெண்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள்" என்று திருப்பிப் போடுவதும் உதவாது, அதுவும் பன்மைதான். "யாருக்கு வராது? உன் கிளாஸ்ல யாரு?" என்று கேளுங்கள். பெயர் சொல்ல வேண்டி வந்ததும் அவனே தடுமாறுவான். சீக்கிரம் கேளுங்கள், ஏனென்றால் மகா புத்திசாலி யார் என்று படத்தைக் காட்டிக் கேட்டால், ஐந்து வயதில் சிறுமிகளும் சிறுவர்களைப் போலவே தம் பாலினத்தைக் காட்டுகிறார்கள், ஆறு ஏழு வயதுக்குள் சிறுமிகளிடம் அது குறைந்துவிடுகிறது என்று 2017-ல் வந்த ஆய்வு சொல்கிறது.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பையன்கள் கையில் கலர் கலராகக் கயிறு கட்டி வருகிறார்கள், எந்தக் கலர் எந்த ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். கழற்றச் சொன்னால் "சாமிக் கயிறு டீச்சர்" என்கிறார்கள். கயிற்றைக் கழற்றிவிட்டால் மனசு மாறிவிடுமா?
– ஓர் ஆசிரியை, தென்காசி மாவட்டம்

பதில்: மனசு உடனே மாறாது, ஆனாலும் கழற்ற வேண்டும். ரெபெக்கா பிக்லர் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் கோடைக்காலப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீலமும் மஞ்சளுமாக டிசர்ட் கொடுத்து, சில வாரம் தினமும் போட்டு வரச் செய்தார். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்த நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. மற்ற வகுப்புகளில் "மஞ்சள் எல்லாம் இந்தப் பக்கம், நீலம் எல்லாம் வரிசையில் நில்லுங்க" என்று நிறத்தை வைத்தே வேலை நடந்தது. முதல் வகை வகுப்பில் பெரிதாக எதுவும் முளைக்கவில்லை. இரண்டாவது வகையில் பிள்ளைகள் தங்கள் நிறத்தை உசத்தியாக நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆசிரியர்கள் எந்த நிறத்தையும் குறை சொல்லவில்லை, நிறத்தைப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். டிசர்ட்டுக்கே இந்தப் பாடு என்றால், வீடு, தெரு, கோயில், கல்யாணம், சுடுகாடு எல்லாம் பின்னால் நிற்கிற ஓர் அடையாளத்துக்கு எவ்வளவு வலு இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பட்டியல் சாதி மாணவனும் தடுக்க வந்த அவன் தங்கையும் அதே பள்ளி மாணவர்களால் வீட்டுக்குள் வைத்து அரிவாளால் வெட்டப்பட்டார்கள். அதற்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு வழியாகச் சாதியைக் காட்டுவதைத் தடுக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் பரிந்துரைகள். கயிற்றைத் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் வகுப்பில் நீங்களாகவே இன்றைக்கே செய்யக்கூடியது அந்த உட்கார்வது விஷயம். உதவித்தொகை விவரத்துக்கு "எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க" என்று எழுப்பிவிடுவது இன்னும் பல பள்ளிகளில் நடக்கிறது. உங்கள் பள்ளியில் அது நடந்தால், தயவுசெய்து முதலில் அதை நிறுத்துங்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகுமா?

கேள்வி: மகன் படிக்கும் தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் ஏழைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். படிப்பும் பேச்சும் கெட்டுப்போகும் என்று மற்ற பெற்றோர் சொல்கிறார்கள். உண்மையா?
– ஒரு தாய், சென்னை

பதில்: இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். தில்லியின் பணக்காரத் தனியார் பள்ளிகள் பலவும் 2007 முதல் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டி வந்தது. ஒதுக்கீடு வந்த வகுப்பையும் அதற்கு மேல் வகுப்பையும் ஒப்பிட்டு கௌதம் ராவ் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார், 2019-ல் வெளிவந்தது. ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் அடுத்தவருக்குக் கொடுப்பதிலும், தொண்டு வேலைக்கு நேரம் ஒதுக்குவதிலும் முந்தியிருந்தார்கள். ரிலே ஓட்டத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வேகமாக ஓடுகிற ஏழைப் பையனை விட்டுவிட்டு மெதுவாக ஓடுகிற பணக்காரப் பையனைப் பிடிக்கிற பழக்கம் அவர்களிடம் குறைவாக இருந்தது. மதிப்பெண்ணில், ஹிந்தியிலும் கணக்கிலும் பாதிப்பு தெரியவில்லை. ஆங்கிலத்தில் லேசான இறக்கம் இருந்தது, வகுப்பில் ஒழுங்கு மீறலும் கொஞ்சம் கூடியது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஒரே கட்டடத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதும் அதில் தெரிந்தது. சில பள்ளிகள் பெயரின் அகரவரிசைப்படி படிப்புக் குழுக்களைப் பிரித்திருந்தன. தற்செயலாக அப்படி ஏழைப் பிள்ளைகளோடு ஒரே குழுவில் விழுந்தவர்களிடம் மாற்றம் கூடுதல். தென்காசி ஆசிரியைக்குச் சொன்ன அதே அகரவரிசைதான். உங்கள் பள்ளியில் ஒதுக்கீட்டுப் பிள்ளைகளைத் தனிப் பிரிவில் வைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அப்படி இருந்தால் கேள்வி கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான்.

கேள்வி: ஒன்பது வயது மகள் "நாம என்ன ஆளுங்கம்மா? பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க" என்றாள். பேச்சை மாற்றிவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?
– ஒரு தாய், தர்மபுரி

பதில்: உண்மையைச் சொல்லியிருக்கலாம், இன்னும் நேரம் போய்விடவில்லை. நீங்கள் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், அவர் சொல்லும் விதத்தில் யார் மேலே, யார் கீழே என்பதும் சேர்ந்தே வரும். ஒன்பது வயதில், நியாயம் எது அநியாயம் எது என்று வாதாடுகிற அளவுக்குப் பிள்ளைக்கு அறிவு வந்துவிடும். சாதியின் பெயரைச் சொல்லுங்கள். யாரை யார் தெருவுக்குள் விடவில்லை, யாரைக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை, அதில் நம் குடும்பம் எந்தப் பக்கம் நின்றது என்று உங்களுக்குத் தெரிந்தவரை சொல்லுங்கள். நம் ஆட்கள் தப்புப் பக்கம் நின்றிருந்தால் அதையும் சொல்லுங்கள். அவளுடைய சாதிச் சான்றிதழை எடுத்துக் காட்டி, தலைமுறை தலைமுறையாக வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்கு இட ஒதுக்கீடு கொடுப்பதற்காகத்தான் இது, யாரோடு பழகலாம் என்று முடிவு செய்வதற்கு இல்லை என்று விளக்குங்கள். பக்கத்து வீட்டு அக்கா மறுபடி கேட்டால் "எதுக்குக்கா கேக்கறீங்க?" என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே ஒரு நாள் போய், பிள்ளையிடம் இதைக் கேட்காதீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.